ஒரு வருஷம், இரண்டு பெயர்

அத்தியாயம் பதினேழு

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் கால் வைக்க இடமில்லை. மடிசார் கட்டிக்கொண்டு, ஒரு கையில் இட்லித் தட்டும் இன்னொரு கையில் மிளகாய்ப்பொடிக் கிண்ணமுமாக லக்ஷணா பந்தி நடுவில் நிற்கும்போதுதானா, இடுப்பில் செருகியிருந்த செல் அதிர வேண்டும்?

தட்டை யாரோ ஒரு சித்தியிடம் தள்ளிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். கூப்பிட்டது துர்கா, ஆபீஸ் தோழி.

"எங்க இருக்குற லக்ஷணா? ஒரே சத்தமா இருக்குது."

"ஊர்ல. மாமனாருக்கு சஷ்டியப்தபூர்த்தின்னு சொன்னேனே."

"அட ஆமால்ல. நல்ல நாளும் அதுவுமா நான் வேற. கேளும்மா. சாயந்தரம் நாலு மணிக்கு டோக்கியோகாரங்க போன்ல வராங்க. சீனிவாசன் சார் உன்னியும் சேத்துக்கினுதான் பேசப்போறாரு. தப்பு என்னுதுதான்னு நீ உன் வாயால சொல்லணுமாம். சொல்லிட்டு நீயே வேலைய விடறேன்னு பேப்பரும் போட்டுடுவியாம்."

"யார் சொன்னா?"

"ரூம்ல பேசிக்கினு இருந்தாங்க. எனக்குக் காது கேக்குது இல்ல? இந்தக் காலத்துல அவனவன் யார வெளிய அனுப்பலாம்னு பாத்துக்கினு இருக்கான். நீயா போய் மாட்டாத. நான் பண்ணலன்னு ஒரு வார்த்த சொல்லுமா என்கிட்ட. அது போதும். நான் நிக்கறேன் உன் பக்கம்."

லக்ஷணா வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"சரி துர்கா. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

துர்கா தென்னேரிக்காரி. மற்றவர்கள் எழுதும் ப்ரோக்ராமைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் கேட்ட கேள்விக்கே பதில் சொல்ல முடியவில்லை என்றால் சாயந்தரம் என்ன சொல்வது? கிணற்றடித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள் லக்ஷணா.

போன வாரம் மேனேஜர் சீனிவாசன் சார் அறைக்குள் கூப்பிட்டு, "உன் பேர்லதான் இருக்கும்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாரே, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். ஜப்பானில் வருஷக் கணக்கு ராஜாவை வைத்து. ஒருவர் பட்டத்துக்கு வந்தால் அவருடைய சகாப்தம் ஒன்றிலிருந்து தொடங்கும். அவர் காலமானால் அன்றோடு அது முடிந்தது. அடுத்தவர் பெயரில் மறுபடி ஒன்று. ஷோவா என்கிற சகாப்தம் அதன் அறுபத்துநாலாம் வருஷத்தில், ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது. அதே 1989இல் மிச்ச நாளெல்லாம் ஹெய்செய் ஒன்று. ஒரே வருஷத்துக்கு இரண்டு பெயர்.

ஜாவாவின் தேதி லைப்ரரிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவர்கள் ஆபீஸுக்கு வேலை கொடுத்திருக்கும் டோக்கியோ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய தகவல்களில் சகாப்தத்துக்கு ஓர் எழுத்து, பிறகு வருஷம், மாதம், நாள், அவ்வளவுதான் இருந்தது. அதைப் படித்து லைப்ரரிக்குப் புரிகிற மாதிரி எடுத்துக்கொடுக்கும் பகுதியை எழுதியவள் லக்ஷணா. அந்த ஒரு வாரம் தப்பிப்போய்விடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து எழுதினாள்.

இப்போது அங்கே இருப்பது வேறு. ஷோவாவில் அறுபத்துமூன்றுக்கு மேல் ஏதாவது வந்தால் அது எழுத்துப் பிழை, ஹெய்செய் என்று எடுத்துக்கொள் என்று அவள் லாகினிலிருந்தே மாற்றியிருக்கிறது. ஷோவா அறுபத்துநாலு ஹெய்செய் அறுபத்துநாலாகிவிட்டது. அது வருவதற்கு இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த வாரத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் இன்னும் பிறக்காதவர்கள்.

இந்த 2009 ஜனவரியில் அவர்களுக்கு இருபது வயது. அந்த ஊரில் மேஜராகிற வயது. பெற்றவர்கள் எடுத்து வைத்த பாலிசி பிள்ளைகள் பெயருக்கு மாற வேண்டிய மாதம். கம்ப்யூட்டர் இப்படி ஆளே கிடையாது என்று ரத்து செய்துவிட்டது. அதில் ஒரு பெண் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அவளுடைய அம்மா கம்பெனி வாசலில் வந்து நின்று, "என் பெண் பிறக்கவில்லையா?" என்று கேட்டாளாம்.

அந்த அம்மாவின் கேள்வியை லக்ஷணாவால் மறக்க முடியவில்லை. காரணம் உண்டு. அந்த மாற்றம் நடந்தது நவம்பரில். நவம்பரில்தான் அவளுக்கு நாலாம் மாதத்தில் கலைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இந்த வீட்டுக்குத்தான் அழைத்து வந்தார்கள். லேப்டாப்பும் கூட வந்தது. அந்த நாட்களில் என்ன சாப்பிட்டாள், யாரோடு பேசினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அப்படியிருக்க, தான் எழுதியதைத் தானே அழித்தாளா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? புருஷனைக் கேட்டாள். வசிஷ்டும் அதே குழுவில்தான். குழுவுக்கே தலைவன். "ஞாபகமில்லாம பண்ணியிருப்பே, விடு" என்றான். அவனே சொல்கிறானே என்று அவளும் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். வேலை போனால் இன்னொரு வேலை. தன் புத்தியே தனக்குச் சாட்சி சொல்ல மறுத்தால் என்ன செய்வது?

"லக்ஷணா, வாத்தியார் சங்கல்பம் ஆரம்பிச்சுட்டார். வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கூடத்தில் கலசங்கள் வரிசையாக இருந்தன. மாமனார் பராங்குசம் புது வேஷ்டியும் பன்னிரண்டு திருமண்ணுமாகக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரக்கு நிறப் பட்டில் மாமியார் ஹேமாம்புஜம். என்ன நினைக்கிறார் என்றே சொல்ல முடியாது. வந்தவர்களை "வாங்கோ" என்று சொல்வதற்கு மேல் அன்று அவர் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"கலியுகே, பிரதமே பாதே" என்று யுகத்திலிருந்து தொடங்கினார் வாத்தியார். "சர்வதாரி நாம சம்வத்சரே, உத்தராயணே" என்று வருஷத்துக்கு வந்து, மாதம், பட்சம், திதி, நட்சத்திரம் என்று படிப்படியாக இறங்கினார். வேறு நாளாக இருந்தால் லக்ஷணா வசிஷ்டைப் பார்த்துக் கண்ணைக் காட்டியிருப்பாள். தேதி என்றால் இப்படிச் சொல்ல வேண்டும், எந்தக் கம்ப்யூட்டரும் குழம்பாது என்று இருவரும் சிரிப்பார்கள். இன்று அவன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டு ஓமகுண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அபிஷேகம் ஆயிற்று. திருமாங்கல்யம் ஆயிற்று. அட்சதை ஆயிற்று. பந்தியில் பராங்குசத்தின் இலையில் திருக்கண்ணமுதை, அந்த வீட்டுப் பாயசத்தை, ஊற்றக் குனிந்தபோதுதான் அது நடந்தது.

அவர் பக்கத்து இலையில் கூரத்திலிருந்து வந்த ஒரு பழைய சிநேகிதர். "பிள்ளை ஜப்பான் போறானாமே?" என்று கேட்டார்.

"மார்ச்ல டோக்கியோ" என்றார் பராங்குசம். பேச்சில் பெருமை வழிந்தது. "அவாளுக்கும் நம்ம மாதிரி வருஷத்துக்குப் பேர் உண்டு தெரியுமோ? என்னமோ ராஜா பேர்ல. அதுல ஒரு சிக்கல்னு இவன் லேப்டாப்பை வெச்சிண்டு முழிச்சிண்டிருந்தான். வருஷத்து நடுவுல பேர் மாறுமாப்பான்னு என்னண்ட கேட்டான். எப்படிடா மாறும்? சித்திரை ஒண்ணாம் தேதி சர்வதாரின்னு பொறந்தா பங்குனிக் கடைசி வரைக்கும் சர்வதாரிதான். நடுவுல அடுத்த வருஷத்துப் பேரை எடுத்து விரோதின்னு எவனாவது சொன்னா அவனுக்குக் கணக்குத் தெரியலைன்னு அர்த்தம்னேன். உடனே திருத்திப்பிட்டான்."

ஊர் முழுக்கப் பஞ்சாங்கச் சந்தேகத்துக்கு அவரிடம்தான் வரும். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

லக்ஷணாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எப்போப்பா கேட்டார்?" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கார்த்திகை மாசம். நீ உடம்பு முடியாம உள்ளே படுத்துண்டிருந்தியே, அப்போதான். உன்னை எழுப்ப வேண்டாம்னு சொல்லிட்டு என்னண்ட வந்தான். பாவம், எத்தனை அக்கறை பாரு."

அக்கறையாம், அக்கறை. யாரைக் கேட்க வேண்டுமோ அவள் பத்தடி தள்ளி அறைக்குள் படுத்திருக்கிறாள். அதை எழுதினவளே அவள்தான். எழுப்பி ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிட்டு மறுபடி படுத்திருப்பாள். அவளை விட்டுவிட்டு, ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத மனிதரிடம் போய்க் கேட்டு, சித்திரையையும் பங்குனியையும் கொண்டுபோய் டோக்கியோவில் வைத்திருக்கிறான். உலகத்தில் வேறு எந்த வீட்டில் இப்படி ஒரு தப்பு நடக்கும்?

போன வாரம் முழுக்க அந்த அறுபத்துமூன்றுதான் அவளை உறுத்தியது. ஜப்பான்காரன் ஒருத்தனும் அதை எழுத மாட்டான், அவர்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் அந்த ஜனவரி தெரியும். வருஷம் என்றால் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரே பெயர் என்று நம்புகிற வீட்டுப் பிள்ளைதான் எழுத முடியும். ஏன் இது நமக்கு முன்பே தோன்றவில்லை என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது அவளுக்கு. உடனே அந்த ஆத்திரம் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று.

திருக்கண்ணமுதுப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். வசிஷ்ட் விருந்தாளிகளின் பைகளை ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினாள். பெரியவர்கள் எதிரில் அவனை 'நீங்கோ' என்பாள். தனியாக இருந்தால் காலேஜ் நாளிலிருந்து 'நீ'தான்.

"என் லேப்டாப்ல நீதானே மாத்தினே?"

"எதை?"

"அப்பா பந்தியில உக்காந்து கதை கதையாச் சொல்லிண்டிருக்கார். எதைன்னு என்னைக் கேக்கறியா?"

வசிஷ்ட் கட்டிலில் உட்கார்ந்தான். "மெதுவாப் பேசு. கீழே எல்லாரும் இருக்கா."

"மெதுவாத்தான் கேக்கறேன். நீதானே?"

"ஆமா."

ஒரு வாரமாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த 'ஆமா'வில் எழுந்துபோயிற்று. எனக்குப் பைத்தியம் இல்லை. நான் பண்ணவில்லை. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அடுத்த மூச்சில் எரிந்தது பாருங்கள் ஒரு கோபம்!

"உனக்காகத்தான் பண்ணேன்" என்றான் வசிஷ்ட். "ப்ராஜெக்ட் டெலிவரி நிக்கறது. உன் பேர்ல வேலை பெண்டிங்னு சீனிவாசன் சார் தினம் கேட்டார். உன் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். அறுபத்துநாலுல சில டேட்டா எர்ரர் வந்துண்டே இருந்தது. டைப்பிங் தப்புன்னு நெனச்சேன்."

"தப்பு எல்லாரும்தான் பண்றோம். சொல்ல வேண்டியதுதானே? எனக்கு மூளை கலங்கிப் போச்சோன்னு தூங்காம உக்காந்திருந்தேன். பக்கத்துல படுத்துண்டு பார்த்தே. ஞாபகமில்லாம பண்ணியிருப்பே விடுன்னு நீதானேடா சொன்னே?"

"அந்த நேரத்துல வேற என்ன சொல்றது?"

"நான்தான் பண்ணேன்னு சொல்றது."

அவன் நெற்றித் திருமண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நாலு மணிக்கு நீயே சொல்லிடு" என்றாள். "நீ சொன்னா நான் உன் பக்கத்துல நிப்பேன். ரெண்டு பேரும் உக்காந்து சரி பண்ணலாம். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

பெற்றவர்களிடம் ஓடுவது என்பது ஆண்பிள்ளைகளுக்குக் கூடப்பிறந்த வித்தை. கால் மணி நேரத்தில் பராங்குசம் அவளைப் பூஜை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நடந்தது நடந்துடுத்து லக்ஷணா. இப்போ அவன் பேர் வெளியில வந்தா டோக்கியோ நின்னுடும். வேலையும் போனாப் போகும். நாலு பேர் என்ன பேசுவா?"

"என் பேர் வெளியில போனாப் பரவாயில்லையாப்பா?"

"நீ எப்படியும் வேலையை விட்டுட்டு அவனோட போகப்போறவ. விடப்போற வேலைக்கு எதுக்கு இத்தனை?"

"நான் வேலையை விடப்போறேன்னு யார் சொன்னா?"

பராங்குசம் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தரையைப் பார்த்தான். ஓகோ, அதுவும் முடிவாகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டாள் லக்ஷணா. இவள் வேலையை விடுவது இவளைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"அப்பா, நீங்க சொன்ன கணக்கு நமக்குச் சரி. அவாளுக்கு அது இல்லை. அன்னிக்கு ராஜா போயிட்டார், அடுத்த நாளே பேர் மாறிடுத்து. அவ்வளவுதான்."

"அது என்ன கணக்கு? வருஷத்து நடுவுல பேர் மாத்தறவா பண்ணினது தப்பு" என்றார் பராங்குசம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னிக்கு எனக்கு விசேஷம். இந்த நாள்ல என் எதிர்ல நின்னு எனக்கே வருஷக் கணக்குச் சொல்லித் தராதே."

இதற்கு மேல் அங்கே நின்றால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும். வெளியே வந்தாள்.

சமையல் நடக்கிற தளிகை உள்ளில் ஹேமாம்புஜம் தனியாக நின்று தீர்த்தம் குடித்துக்கொண்டிருந்தார். மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

"பசிக்கலைம்மா."

"என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். ஹேமாம்புஜம் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"நீ பண்ணலைன்னு உனக்கு நன்னாத் தெரியுமா?"

"இப்போ தெரியும்மா."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவுதானா என்றிருந்தது லக்ஷணாவுக்கு. யாரிடமாவது ஒரு வார்த்தை ஆறுதல் கிடைக்கும் என்று எதிர்பார்த்தது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணி ஆயிற்று. மாடி அறையில் செல்லை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். வசிஷ்ட் கட்டில் ஓரத்தில். கீழே போட்டோக்காரர் குடும்பப் படத்துக்கு நாற்காலி போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

சீனிவாசன் சார் முதலில் வந்தார். பிறகு டோக்கியோவிலிருந்து மோரி என்கிற அம்மாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியது. அந்த அம்மாள் அவ்வளவு பணிவாக, ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். ஷோவா அறுபத்துநாலு என்பது எங்களுக்கு மிகச் சிறிய வருஷம், ஆனாலும் அதில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நாங்கள் என்ன சொல்வது என்று கேட்டார்.

"லக்ஷணா, நீயே சொல்லிடும்மா" என்றார் சீனிவாசன்.

"நான் எழுதினதுல அந்த வாரம் இருந்தது" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. "அந்த அம்மாவுக்கு நடந்ததுக்கு நான் ரொம்ப வருத்தப்படறேன். அதைச் சரி பண்ண என்னால முடியும், பண்றேன். ஆனா மாத்தினது நான் இல்லை."

"உன் லாகின்லதானேம்மா நடந்திருக்கு. நீ இல்லைன்னா யாரு?"

லக்ஷணா வசிஷ்டைப் பார்த்தாள். சொல்லு. இப்பவாவது சொல்லு. கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவனிடம் அவள் இவ்வளவு கெஞ்சிக் கேட்டது கிடையாது, அதுவும் வாயைத் திறக்காமல்.

வசிஷ்ட் எழுந்து செல்லின் பக்கம் குனிந்தான். அவனுக்கு இருக்கிற நல்ல குரலிலெல்லாம் நல்ல குரலை எடுத்துக்கொண்டான்.

"நான் வசிஷ்ட் பேசுகிறேன். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நவம்பரில் நாங்கள் ஒரு குழந்தையை இழந்தோம். அதிலிருந்து என் மனைவிக்கு மனநிலை சரியில்லை. தான் செய்தது அவளுக்கு நினைவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கணவன் என்ற முறையில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

மோரி அம்மாள், "உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன், லக்ஷணா" என்றார். உண்மையாகவே வருந்தினார். அதுதான் கொடுமை.

"அது வந்து..." என்று லக்ஷணா தொடங்குவதற்குள் சீனிவாசன் முந்திக்கொண்டார். "ஒண்ணும் பேச வேணாம்மா. நீ ரெஸ்ட் எடு. வசிஷ்ட், நீ பாத்துக்கோப்பா. மத்தது திங்கக்கிழமை பேசிக்கலாம்." இணைப்பு துண்டாயிற்று.

இனிமேல் அவள் எதைச் சொன்னாலும், பாவம், மனசு சரியில்லாத பெண் சொல்கிறாள் என்றுதான் கேட்பார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல அதிகமாக நம்பாமல் போவார்கள்.

"உன்னைக் காப்பாத்திக்க என் குழந்தையையா எடுத்து நீட்டினே?" என்றாள்.

"லக்ஷணா, யாருக்கும் நஷ்டமில்லாம முடிச்சுட்டேன். உன்மேலயும் கோபமில்லை அவாளுக்கு. யோசிச்சுப் பாரு."

"வசிஷ்ட்."

கூப்பிட்டது அவள் இல்லை. வாசற்படியில் ஹேமாம்புஜம் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பராங்குசம், போட்டோவுக்காக மறுபடி போட்டுக்கொண்ட மாலையோடு. படம் எடுக்கக் கூப்பிட வந்தவர்கள், எப்போதிலிருந்து நிற்கிறார்களோ தெரியாது. பேசினதெல்லாம் ஆங்கிலம். ஹேமாம்புஜத்துக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு தங்கலை" என்றார் பிள்ளையிடம். "உனக்குத் தெரியாது. அப்போ நான் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அதுவும் உனக்குத் தெரியாது."

"ஹேமா, கீழே எல்லாரும் காத்துண்டிருக்கா" என்றார் பராங்குசம்.

"ஒரு மாசம் கழிச்சு வேலைக்குப் போகப் புடவை கட்டிண்டு நிக்கறேன். உங்கப்பா சொல்றார், போக வேண்டாம், ஹெட்மாஸ்டரைப் பார்த்துட்டு வந்துட்டேன், அவளுக்கு மனசு சரியில்லை, இனிமே வரமாட்டான்னு சொல்லிட்டேன்னு. நான் நன்னாத்தான் இருந்தேன். ஆனா இன்னிவரைக்கும் ஊர்ல அதைத்தான் நம்பறா." மருமகளைப் பார்த்தார். "நானும் கொஞ்ச நாள் நம்பினேன்."



"திரும்பக் கூப்பிடு உங்க சாரை" என்றார் ஹேமாம்புஜம்.

வசிஷ்ட் அப்பாவைப் பார்த்தான். பராங்குசம் மனைவியின் முழங்கையைத் தொட்டு, "வா, போலாம். நல்ல நாள்ல இதெல்லாம் எதுக்கு?" என்றார். அவர் குரல் இவ்வளவு சின்னதாக லக்ஷணா கேட்டதில்லை.

ஹேமாம்புஜம் கையை விடுவித்துக்கொண்டார். அறைக்குள் வந்து கட்டிலுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் புதுப் பட்டு கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தார்.

"நீ கூப்பிடற வரைக்கும் நான் கீழே வரமாட்டேன். நான் இல்லாம உங்கப்பா வேணும்னா தனியா உக்காந்து படம் எடுத்துக்கட்டும்."

லக்ஷணா கட்டிலில் கிடந்த வசிஷ்டின் செல்லை எடுத்தாள். சீனிவாசன் சாரின் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டுப் புருஷன் கையில் வைத்தாள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லு வசிஷ்ட்" என்றார் சீனிவாசன்.